பக்கத்தின் அடியில் இருந்த பெயர்

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் பாதிப் பதிலை உடனே சொல்லிவிடுவேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஊசி குத்துகிறாள், குழாயில் ரத்தம் எடுக்கிறாள், பெயர்ச்சீட்டு ஒட்டுகிறாள், முடிவை எழுதுகிறாள். மீதிப் பாதியைச் சொல்லத்தான் எனக்கு வாய் வராது. ஐந்து வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் அது எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை.

"அக்கா எந்தக் கம்பெனிக்கு மாமா இப்படி உழைக்குது?" என்று அவளுடைய தம்பி, என் மச்சான், ஒருமுறை கேட்டான்.

"கம்பெனியே கிடையாதாம்."

"அப்ப முதலாளி?"

"அவரும் கிடையாதாம்."

"அப்புறம் யாருக்குப் பயந்து ஞாயித்துக்கிழமைகூட குளிச்சிட்டு வந்து உக்காருது?"

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். வருகிறவருக்கு எழுத்து தெரிகிறதா, தெரியவில்லையா என்பதோடு என் வேலை முடிந்துவிடும். படித்தால் புரிகிறதா என்று கவலைப்படுவது அவள் பாடு.

நடந்தது இதுதான். அவளுடைய பரிசோதனைக் கூடத்தில் நோயாளிகளின் பதிவேட்டுக்காக ஒரு மென்பொருளைப் போட்டார்கள். எங்கெங்கோ இருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பிரித்துப் பாருங்கள், பிடிக்காததை மாற்றிக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கும் மென்பொருள். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் ஒரு வரிகூட இல்லை. இவள் அவர்களுடைய குழுவில் போய், நேற்றைய முடிவுகளை மட்டும் எப்படி அச்செடுப்பது என்று கேட்டாள். நாலு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒருவர், "நல்ல கேள்வி. கண்டுபிடித்தால் எழுதிக் கொடுங்களேன்" என்று போட்டார். இவளும் வெள்ளந்தியாக எழுதிக் கொடுத்தாள். அடுத்த மாதம் தமிழ்க் கையேட்டுக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டாள். வழி கேட்கப் போனவளைப் பிடித்து வழிகாட்டிப் பலகையாக நட்டுவிட்டார்கள்.

பொறுப்பாளர் என்றால் எழுதினால் மட்டும் போதாது. எழுத வருகிறவர்களையும் கட்டி மேய்க்க வேண்டும். ஐந்து வருடத்தில் முப்பத்தொரு பேர் வந்தார்கள். வருகிற அன்று எல்லாரும் வரிந்து கட்டிக்கொண்டுதான் வருவார்கள். "எந்தப் பக்கம் வேணாலும் குடுங்க மேடம், ரெண்டே நாள்ல முடிச்சிடுறேன்" என்பார்கள். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். ஒருவர் முன்னுரை மட்டும் பதினொரு பக்கத்துக்கு எழுதிவிட்டுக் கம்பி நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு வராது. "சும்மா வர்றவங்கள என்னன்னு அதட்டுறது? அவங்களுக்கும் வேலை வெட்டி இருக்குல்ல?" என்பாள்.

புதிதாக வருகிற எல்லாருக்கும் அவள் ஒரே கடிதத்தைத்தான் அனுப்புவாள். ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அதை நீங்களே செய்து பாருங்கள். படிக்கிறவர் பதறிப்போய் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றாவதுதான் யாருக்கும் ஏறாது. சாவகாசமாக ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு படிக்கிறவருக்கு எழுதுவது போலவே எழுதி அனுப்புவார்கள்.

நிலைத்தது இரண்டே பேர். ஒருவர் பல் மருத்துவர். தானாக ஒரு பக்கமும் எழுத மாட்டார். மற்றவர்கள் எழுதியதில் க், ச், த், ப் விட்டுப்போன இடங்களைத் தேடித் தேடி நிரப்புவார். எங்கள் வீட்டில் அவருக்கு ஒற்று என்று பெயர். பல் இடுக்கை அடைத்து அடைத்து அந்தப் பழக்கம் எழுத்துக்கும் வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

இன்னொருத்தி புள்ளி. மற்றவர்களுக்குப் படம் இருக்கும் இடத்தில் அவளுக்கு ஒரு பச்சைப் புள்ளிதான் இருக்கும். முகம் தெரியாது, ஊர் தெரியாது, என்ன வேலை என்றும் தெரியாது. வந்து எட்டு மாதம். என் மனைவியை அக்கா என்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவாள். ஆனால் அவள் எழுதிய பக்கம் எனக்கே புரியும். பதிவு காணாமல் போனால் என்ன செய்வது என்ற பக்கத்தை அவள் இப்படித் தொடங்கியிருந்தாள்: "முதலில் எதையும் அழுத்தாதீர்கள். உங்கள் பதிவு அநேகமாக உள்ளேதான் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் செய்வோம்."

என் மனைவி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள்.

"பாத்தீங்களா? பயந்துபோய் வர்றவங்ககிட்ட மொதல்ல என்ன சொல்லணும்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அடுத்த வருஷம் பொறுப்பை இவகிட்ட குடுத்துட்டு நான் ஒதுங்கிக்கலாம்னு இருக்கேன். இவ மட்டும் நின்னாப் போதும்."

ஐந்து வருடத்தில் அவள் யாரைப் பற்றியும் இப்படிப் பேசியதில்லை. புள்ளியும் போய்விட்டால் இந்தக் கையேடு அவளோடு முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். ஒரு பிசியோதெரபி நிலையத்தின் வரவேற்பில் இருக்கும் பெண் எழுதியிருந்தாள். அன்று காலை ஒரு நோயாளியின் பதிவைக் காணவில்லை. கையேட்டைப் பார்த்து, அதில் சொன்னபடி 'மீட்டமை' என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறாள். 'உறுதியாகவா?' என்று அது கேட்டதாம். கையேடே சொல்கிறதே என்று 'ஆம்' கொடுத்திருக்கிறாள். மூன்று வருடப் பதிவேடும் துடைத்துவிட்டது மாதிரி காலி. "நீங்கள் சொன்னதைத்தானே செய்தேன்?" என்று முடித்திருந்தாள்.

என் மனைவி அந்த மென்பொருளை எழுதியவர்களில் மூத்தவரிடம் பேசினாள். தாடி என்று நாங்கள் சொல்கிற ஆள். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ரெண்டு பொத்தான் இருக்காம்ங்க. மீட்டெடுன்னா போனதைத் திரும்ப எடுக்குறது. மீட்டமைன்னா எல்லாத்தையும் மொதல்ல இருந்த மாதிரி ஆக்குறது. இந்த ரெண்டாவதை நான் பாத்ததே இல்ல. எங்க லேப்ல அந்தப் பக்கமே எங்கள விடமாட்டாங்க."

"மொதல்ல எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லாமதான் இருந்துச்சு."

எனக்குத் தலை சுற்றியது. இரண்டும் 'மீட்டு' என்றுதான் தொடங்குகின்றன. ஒன்று காணாமல் போனதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது, இன்னொன்று வீட்டையே காலி செய்துவிடுகிறது. இப்படிப் பெயர் வைத்த புண்ணியவான் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நல்லவேளையாக, நோயாளிகள் கைப்பட நிரப்பிய தாள்களை அந்த நிலையத்தில் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பெண் ஒன்பது நாள் குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினாள் என்று பிறகு தெரிந்தது.

தாடி கேட்டது ஒரே கேள்விதான். "யாரு எழுதின பக்கம்?"

கையேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் பெயர் இருக்கும். அந்தப் பக்கத்தின் அடியில் புள்ளியின் பெயர் இருந்தது. "முதலில் எதையும் அழுத்தாதீர்கள்" என்று தொடங்கும் அதே பக்கம். நான்காவது வரியில் மீட்டமை.

"அப்ப இனிமே அவங்க நேரா பக்கத்துல கை வைக்க வேணாம். வேற யாராவது பாத்து விட்ட பிறகு போகட்டும்" என்றார் தாடி.

"இவ எப்படிங்க இந்தத் தப்பைப் பண்ணினா?" என்று என் மனைவி சாப்பிடும்போது கேட்டாள், பாத்திரம் கழுவும்போது கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? பிறகு உட்கார்ந்து புள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நானும் படித்தேன். தப்பு எல்லாருக்கும் வரும், மனதில் வைத்துக்கொள்ளாதே, கொஞ்ச நாளைக்கு மட்டும் உன் பக்கங்களைப் பல் மருத்துவர் பார்த்துவிட்டு வெளியிடட்டும் என்று நயமாக எழுதியிருந்தாள். கோபமாக ஒரு சொல் கிடையாது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "மன்னித்துவிடுங்கள் அக்கா. நான்தான் கவனிக்கவில்லை. இனிமேல் பார்த்து எழுதுகிறேன்."

அதற்குப் பிறகு புள்ளி ஆளே மாறிவிட்டாள். முன்பெல்லாம் ஒரு பக்கத்தை முடித்துத்தான் அனுப்புவாள். இப்போது ஒவ்வொரு வரியாக அனுப்பினாள். "'அழுத்தவும்' என்று சொல்லலாமா அக்கா?" "'இடது பக்கம்' என்பது சரிதானே அக்கா?" ஒருநாள் 'மேலே' என்ற சொல்லுக்கு இரண்டு முறை கேட்டிருந்தாள். என் மனைவி எல்லாவற்றுக்கும் சரி, சரி என்று பொறுமையாகப் போட்டாள். மூன்றாம் வாரம் கேள்வியும் நின்றுவிட்டது.

"போயிடுவாளோ?" என்றாள் என்னிடம்.

"ஒரு தப்புக்கா போவாங்க?"

"அதான் எனக்கும் புரியல. நான் ஒண்ணும் கடுமையா சொல்லலையே."

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. மதியம் கணினியோடு என் கடைக்கு வந்து, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்கு அடியில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதே தப்பு வேறு எங்கேயும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்றாள். நான் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காலில் கழன்று வந்த திருகாணியை மாட்டிக்கொண்டிருந்தேன். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். கீழே விழுந்தால் போயே போச்சு.

"ஒம்போது பக்கத்துல இருக்குங்க" என்றாள்.

"எல்லாம் புள்ளியா?"

"இல்ல, அவளோடது இது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் வேற வேற ஆளுங்க. ரெண்டு பேரு மூணு வருஷம் முன்னாடியே போனவங்க. ஒண்ணு நான் எழுதினது. நான் மீட்டெடுன்னுதாங்க எழுதினேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எப்படி இப்படி ஆச்சு?"

"ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருப்பாங்க."

"ஒருத்தரை ஒருத்தர் தெரியவே தெரியாதுங்க இவங்களுக்கு."

"அப்ப ஒம்போது பேரு ஒரே தப்பை எப்படிப் பண்ணுவாங்க? யாரோ ஒருத்தருதான் ஒம்போது இடத்துல பண்ணியிருப்பாங்க" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. என் கவனமெல்லாம் திருகாணியில் இருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். திரையை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டாம். யார், எந்த நாள், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எந்தச் சொல்லைப் போட்டார் என்று ஒன்று விடாமல் இருக்குமாம். புள்ளியின் பக்கத்தில் நாலு மாதத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திறந்து வைத்திருந்தாள். எடுத்த சொல் சிவப்பில் 'மீட்டெடு', அதற்குக் கீழே போட்ட சொல் பச்சையில் 'மீட்டமை'. மாற்றியவர் என்ற இடத்தில் என் மனைவியின் பெயர். 'சொற்களைச் சீராக்கினேன்' என்று குறிப்பு வேறு.

அந்த ஞாயிறு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒருவர் 'கிளிக்' என்கிறார், ஒருவர் 'சொடுக்கு' என்கிறார், ஒருவர் 'ஃபைல்', இன்னொருவர் 'கோப்பு' என்று புலம்பிக்கொண்டே இருந்தவள், நாற்பது சொல்லுக்குப் பட்டியல் போட்டு, அறுபத்துநாலு பக்கத்தையும் ஒரே மூச்சில் மாற்றினாள். ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் இருக்க வேண்டும் என்பாள். மீட்டெடு, மீட்டமை இரண்டும் அந்தப் பட்டியலில் ஒன்றாகப் போய்விட்டன. இரண்டும் ஒரே பொத்தானுக்கு ஆளாளுக்கு வைத்த பெயர் என்று நினைத்திருக்கிறாள்.

"இந்த வரலாறு இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப அன்னைக்கு ஏன் பாக்கல?"

"அடியில பேரு இருந்துச்சேங்க."

எனக்கு வந்த கோபத்தை மறைக்க முடியவில்லை. வந்தவரிடம் பெயரை இரண்டு தடவை கேட்காமல் ஊசியைத் தொடாதவள் இவள். சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் ஆளைக் கேள் என்று லேபில் புதிதாக வருகிறவர்களைப் படுத்தி எடுப்பவள். அவளா ஒரு பெண்ணைக் கேட்காமலே முடிவு செய்தாள்? இதையெல்லாம் சொல்லியும்விட்டேன். "அதான் எனக்கே புரியல" என்று மட்டும் சொன்னாள். திருகாணி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அன்று அந்தக் கண்ணாடியைக் கொடுக்க முடியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குக் குழுவின் கூட்டம். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள், ஒரு கட்டத்தில் மட்டும் பச்சைப் புள்ளி. வந்துவிட்டாள் என்று என் மனைவிக்கு மூச்சு வந்தது. எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். அந்தச் சொல்லை மாற்றியது நான், பக்கத்தை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார், நான் வரலாற்றைப் பார்க்காமல் அவர் மேல் பழி போட்டுவிட்டேன். நான் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அட, பரவாயில்லைங்க. யாருக்கும் நடக்கிறதுதானே" என்றார் தாடி.

"நான்கூட அந்தப் பக்கத்துல ஒற்று மட்டும்தான் பாத்தேன், சொல்லைப் பாக்கல" என்றார் பல் மருத்துவர்.

"சரி, அடுத்தது" என்றார் தாடி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புள்ளிக்கு மூன்று வாரம் ஆன விஷயம் என் மனைவிக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவளுக்கே அது கூசியது. கூட்டம் முடிவதற்குள் பச்சைப் புள்ளி போய்விட்டிருந்தது.

தன் தொலைபேசி எண்ணை அனுப்பி, ஒரே ஒரு தடவை பேசு என்று எழுதினாள். நாலு மணிக்கு அழைப்பு வந்தது. நானும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்டோம். மெதுவான, தெளிவான குரல்.

"அக்கா, நான்தான்."

"மன்னிச்சிடும்மா. நீ எழுதினது சரி. நான்தான் கெடுத்துட்டேன்."

"இல்லக்கா, விடுங்க. மீட்டெடுன்னு எழுதின மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா பக்கத்துல வேற இருந்துச்சு. நீங்களும் நான்தான்னு சொன்னீங்க. சரி, நம்ம ஞாபகம்தான் சரியில்லன்னு நினைச்சுக்கிட்டேன்."

"வரலாறுன்னு ஒண்ணு இருக்கேம்மா. அதைப் பாத்திருக்கலாமே?"

"அது இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லலக்கா."

என் மனைவி என்னைப் பார்த்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் அனுப்பும் கடிதத்தில் அது இல்லை. பிறகு, எட்டு மாதமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"நீ என்ன வேலைம்மா பாக்குற?"

"ஆம்புலன்ஸுக்குப் போன் வரும்ல, அதை எடுக்கிற வேலைக்கா. விலாசம் கேட்டு வண்டிக்குச் சொல்லணும். இப்பல்லாம் காதுல விழுந்தது சரிதானான்னு சந்தேகமாவே இருக்கு. போன வாரம் ஒருத்தர்கிட்ட தெருப் பேரை நாலு தடவ கேட்டேன். நாலு தடவையும் ஒரே பேரைத்தான் சொன்னாரு. கடைசித் தடவ அழுதுட்டாரு."

"வண்டி போயிடுச்சா?"

"போயிடுச்சு, ஒண்ணும் ஆகல. ஆனா என்னைக் கொஞ்ச நாளைக்குப் போன் எடுக்க வேணாம்னு உக்கார வச்சிருக்காங்க."

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "இங்க பாரும்மா, உன் ஞாபகத்துல ஒரு தப்பும் இல்ல. நீ எழுதினது சரி. நான் சத்தியமா சொல்றேன்."

"நீங்க பெரிய மனசு பண்ணி உங்க மேல போட்டுக்கிறீங்கக்கா. எனக்குத் தெரியும்."

"ஐயோ, இல்லம்மா. நெஜமாவே நான்தான்."

"சரிக்கா" என்றாள். மூன்று வாரமாக அவள் எழுத்தில் பார்த்த அதே பணிவுதான். பிறகு வைத்துவிட்டாள்.

என் மனைவி உடனே அந்த வரலாற்றுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். சிவப்பு, பச்சை, தேதி, தன் பெயர், எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. பதில் வந்ததும் என்னிடம் நீட்டினாள். "பார்த்தேன் அக்கா. நன்றி. இதில் எது நான் எழுதியது?" என்று இருந்தது.

"இப்ப என்னங்க எழுதுறது?" என்றாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்புன்னு நான் சொன்னப்ப உடனே நம்பிட்டா" என்றாள் அவள். "சரின்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா."